உப்பு ஏறிய ஸ்வெட்டர்

என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். அவளுடைய ஸ்வெட்டரை நல்ல தண்ணீரில் அலசியதாகச் சொன்னேன். அலசியது போர்வெல் தண்ணீரில்.

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் இருக்கிறது. வீட்டு போர்வெல்லில் வருவதும் உப்புத் தண்ணீர்தான். குடிக்க, சமைக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். மார்கழிப் பனியில் மனைவிக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். அதற்காக எங்கள் ஒரே மகள் கம்பளி நூலில் தன் கையாலேயே பின்னி, கோட்டக்குப்பத்திலிருந்து அனுப்பிய ஸ்வெட்டர் அது. அங்கே ஒரு முஸ்லிம் பையனை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். என் வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தாயும் மகளும் போனில் பேசிக்கொள்வார்கள். நான் காதில் விழாததுபோல் இருப்பேன்.

பனி விட்டதும், மாசியில், மனைவியே அதைத் துவைத்து எடுத்து வைப்பாள். அந்த வருடம் கை முறிந்து மாவுக்கட்டோடு இருந்தாள்.

"ஏங்க, கேன் தண்ணில அலசுங்க. முறுக்கிப் பிழியாதீங்க. கொடில தொங்கவிட்டா கை நீண்டுடும், பாய்ல விரிச்சுப் போடுங்க."

"உன் பொண்ணு பின்னுனதுக்குப் பன்னீர்ல அபிஷேகம் பண்ணணுமா?"

"பன்னீர் வேணாம். உப்பு இல்லாம இருந்தா போதும்" என்று சிரித்தாள்.

முறுக்கவில்லை. பாயில்தான் விரித்தேன். தண்ணீர் விஷயத்தில் மட்டும் என் வீம்பைக் காட்டினேன். அந்துருண்டை போட்டுப் பையில் கட்டி பீரோவில் வைத்தேன்.

மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். அதனால்தான் அம்பாரமாகக் குவித்த உப்பின் மேல் கீற்றைப் போட்டு மூடுகிறோம். அந்தத் தொழிலிலேயே சாப்பிட்டு, காலேஜும் படித்த எனக்கு, கம்பளியில் தங்கிய உப்பும் ஈரத்தை இழுக்கும் என்று தோன்றவில்லை.

கார்த்திகை கடைசியில் பையைப் பிரித்தாள். பூஞ்சை நாற்றம் அடித்தது. சதசதவென்று இருந்தது. ஸ்வெட்டரின் கை நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல தண்ணிதானே?"

"ஆமா."

"சரிதான். உங்க ஊரு நல்ல தண்ணி இப்படித்தான் கரிக்கும் போல."

அப்போதே ஒரு குடம் கேன் தண்ணீரில் அலசியிருந்தால் தீர்ந்திருக்கும். அலசினால் என் பொய் வெளியே வந்துவிடும் என்று சும்மா இருந்தேன். புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. கட்டுப் பிரித்தும் சரியாக வளையாத கையால் அதை வெயிலில் போட்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் மறுபடி ஈரம் கோத்துக்கொள்ளும். இழுப்பு நெஞ்சோடு ஏறியது. பொங்கலுக்கு முன்னால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். வயசு, பழைய வியாதி என்றார் டாக்டர். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மகள் ஆஸ்பத்திரியிலேயே அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள், என் வாசலுக்கு வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஸ்வெட்டரைக் கேன் தண்ணீரில் ஊறவைத்தேன். நாக்கில் வைத்தால் கரிக்காத வரைக்கும் தண்ணீரை மாற்றினேன். நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக மகள் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

மகள் என் மடியிலிருந்த ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லிக்காட்டல."

"என்கிட்ட கதகதன்னு இருக்குது கண்ணு, அப்பாதான் பாத்துப் பாத்துத் துவைச்சு வச்சாருன்னு சொன்னாங்க. நீங்க மாறிட்டீங்கன்னு நெனச்சேன். அடுத்த மாசம் வரலாம்னு இருந்தேன்."

நான் ஸ்வெட்டரை அவள் பக்கம் நீட்டினேன்.

"எனக்கு அந்த நெனப்பு ஒண்ணுதாம்பா மிச்சம் இருந்துச்சு. அதையும் எதுக்கு வந்து சொன்னீங்க?"

ஸ்வெட்டரை வாங்கி உள்ளே வைத்தாள். எனக்கு டீ கொடுத்தாள். பஸ் ஏறும்வரை மருமகன் கூட வந்தார்.

வீட்டுக்கு வரச் சொல்லிப் பல தடவை கூப்பிட்டுவிட்டேன். போன் செய்தால் எடுக்கிறாள். மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். வரேன் என்று மட்டும் சொல்வதில்லை.