மூங்கிலடியில் புரட்டிப் போட்ட சட்டை

பிள்ளைகளே, முதலே சொல்லிவிடுகிறேன், பேய்ப் படம் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். யாராவது வந்து அங்கே அதைக் கண்டேன், இங்கே இதைக் கண்டேன் என்றால் ‘இரவு சாப்பிடாமல் படுத்திருப்பாய்’ என்று சொல்லி அனுப்புகிற ஆள் நான். பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன், ஆனால் கண்ணால் காணாத ஒன்றுக்குப் பயப்படுவதில்லை என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமை போன கதையைத்தான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் என் மகள் தாரணியிடம் கேளுங்கள், உங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும்.

இல்ஃபோர்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. லோர்னா அங்கே நர்ஸ். பிலிப்பைன்ஸ்காரி, குட்மேய்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு. என்னைக் ‘குயா’ என்று கூப்பிடுவாள், அவர்கள் பாஷையில் அண்ணை என்று அர்த்தம். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் தன் ஊர்க் கதைகளை இங்கிலிஷில் சொல்லுவாள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழாக்கி, சனிக்கிழமைகளில் உங்களுக்குச் சொல்லுவேன்.

முதலில் சொன்ன கதை நினைவிருக்கிறதா? ஆதியில் வானமும் கடலும் மட்டும்தான், நடுவில் ஒரு பருந்து, பாவம், பறந்து பறந்து களைத்தாலும் இருக்க ஒரு இடமில்லை. அது போய் வானத்துக்கும் கடலுக்கும் சண்டை மூட்டிவிட்டது. கடல் எழும்பி வானத்தை அடிக்க, வானம் பாறை பாறையாகப் பிடுங்கிக் கடலின் மேல் எறிய, அந்தப் பாறையெல்லாம் தீவுகளாகிப் பருந்துக்கு இருக்க இடம் கிடைத்தது. பிறகு ஒருநாள் கரையில் ஒதுங்கிய மூங்கில் ஒன்று பருந்தின் காலில் இடித்தது. வந்த கோபத்தில் கொத்து கொத்தென்று கொத்த, மூங்கில் பிளந்து உள்ளே இருந்து ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வெளியே வந்தார்கள். அவர்கள்தான் முதல் மனிதர். நீங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டீர்கள்.

அடுத்தது திக்பாலாங் கதை. குதிரைத் தலையும் ஆளின் உடம்பும் உள்ளது, குந்தி இருந்தால் முழங்கால் தலைக்கு மேலே நிற்குமாம், அவ்வளவு நீளக் கால். காட்டில் போகிறவர்களை வழி மாற்றிச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குக் கொண்டுவரும். தப்புவதற்கு ஒரே வழி, போட்டிருக்கிற சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போடவேண்டும், வழி கிடைத்த பிறகுதான் திரும்ப நேராகப் போடலாம். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்து நான் என்ன செய்தேன், வழி தவறினவன் ‘பிள்ளையாரே’ என்று மூன்று தரம் கூப்பிட்டான், வழி திறந்தது என்று முடித்துவிட்டேன். நல்ல கைதட்டு.

லோர்னாவின் மகள் அயாவுக்குத் தாரணி போய் அந்தக் கதையைச் சொல்ல, அயா தாயிடம் சொல்ல, அடுத்த நாள் லோர்னா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“குயா, உன் பிள்ளையார் நல்லவர்தான். ஆனால் அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.”

“கேட்கிற பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரித்தானே சொல்லவேண்டும்,” என்றேன்.

“பருந்தைக் காகமாக்கு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சட்டையை எடுக்காதே. அது கதை இல்லை, மருந்து. மருந்தை மாற்றிக் கொடுத்தால் நர்ஸுக்குக் கோபம் வராதா?”

நான் சிரித்துச் சமாளித்தேன். கதையை மாற்றவில்லை. எனக்கும் பிடிவாதம் உண்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் லீவு. அன்று பின்னேரம் லோர்னாவுக்கும் அயாவுக்கும் மணிலாவுக்கு விமானம், மூன்று மணிக்கு வாசலில் மினிகேப், வாடகைக் கார். அயா கைக்குழந்தையாக இருந்தபோது லண்டனுக்கு வந்தவள், தகப்பன் விசா கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார், அவள் தன் அப்பாவைப் போனில் மட்டும்தான் கண்டிருக்கிறாள். மலிவு டிக்கெட், தவறவிட்டால் மாற்ற ஏலாது. இரண்டு பேரும் பல வருஷமாகப் பார்த்திருந்த நாள் அது.

காலையில் லோர்னா சொக்லேட்டும் சவர்க்காரமும் டின் இறைச்சியுமாகப் பெரிய அட்டைப் பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். அயா சும்மா இருக்க ஏலாமல் ஒரு பெட்டிக்குள் ஏறி இருந்தாள். “குயா, இவளைக் கொஞ்ச நேரம் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் இவளையும் சேர்த்து டேப் ஒட்டிவிடுவேன்,” என்றாள். நான் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹைனோல்ட் காட்டுக்குப் போனேன். எத்தனையோ வருஷமாகப் போகிற இடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்று நினைத்திருந்தேன்.

காட்டுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் பாதையோரம் ஒரு மூங்கில் பற்றை. அதற்கு முன் அங்கே நான் மூங்கில் கண்டதில்லை. யாரோ தோட்டத்து மூங்கிலைக் கொண்டுவந்து எறிந்திருப்பார்கள், முளைத்திருக்கும் என்று நினைத்தேன். தாரணிக்கு ஒரே சந்தோஷம்.

“அப்பா, பருந்து கொத்தின மூங்கில்!”

எனக்கும் பகிடி வந்தது. தடித்த மூங்கில் ஒன்றில் விரல் முட்டியால் டக் டக், டக் என்று தட்டி, “ஆர் உள்ளுக்க? பருந்துக்கு இண்டைக்கு லீவு, நீங்களே வெளியில வாங்கோ,” என்றேன். தாரணி சிரித்தாள். அயா சிரிக்கவில்லை. அவள் ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

“சரி, நேரமாகுது, போவம்,” என்று வந்த வழியே திரும்பினோம். நேரான பாதை, கார் நிறுத்திய இடம் பக்கத்தில்தான். நடந்தோம். நடந்து போய் நின்ற இடம் அதே மூங்கிலடி.

கவனிக்காமல் வளைந்துவிட்டோம் என்று மற்றப் பாதையால் போனோம். ஒரு முள்மரம், ஒரு விழுந்த மரம், பிறகு மூங்கில். போனை எடுத்துப் பார்த்தேன், வரைபடத்தில் நாங்கள் நிற்கிற நீலப் புள்ளி காருக்குப் பக்கத்திலேயே இருந்தது, நடந்தாலும் அசையவில்லை. லோர்னாவுக்கு அழைத்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். லண்டனில் தலைக்கு மேலே விமானச் சத்தம் இல்லாத நேரம் இருக்கிறதா? அன்று இருந்தது. சனிக்கிழமை, நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் நிறைந்திருக்கிற இடம், ஒரு குரைப்புக்கூட இல்லை.

“அப்பா, துலைஞ்சு போனமா?”

“சீ, இல்லையம்மா. அப்பாக்குத் தெரியாத பாதையே?”

“அப்ப ஏன் திரும்பத் திரும்ப இஞ்சையே வாறம்?”

 அயா கை மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  தகப்பனைக் காணப் போகிற பிள்ளை என் கையில் இருக்கிறாள், அவளை இழுத்துக்கொண்டு ஓடியாவது போய்ச் சேர்க்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. பாதையை விட்டுவிட்டு, வெளிச்சம் தெரிந்த பக்கமாக நேரே பற்றைக்குள்ளால் நுழைந்தேன். இருவரும் என் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சேறு, முள், எல்லாம் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தால், மூங்கில்.

“பிள்ளையாரைக் கூப்பிடுங்கோ அப்பா, உங்கட கதையில அப்பிடித்தானே,” என்றாள் தாரணி.

கூப்பிட்டேன். மனதாரத்தான் கூப்பிட்டேன், பிள்ளைகளையும் கூப்பிடச் சொன்னேன். நடந்தோம். திரும்பவும் மூங்கிலடி. பிள்ளையாரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை என்று ஏற்கெனவே ஒருத்தி சொல்லியிருந்தாள்.

அப்போது அயா வாய் திறந்தாள். “அங்கிள், அது அம்மா சொன்ன கதை இல்லையே. சட்டையைப் புரட்டுங்கள்.”

எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் தை மாதக் குளிர், யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள், அதைவிட, செய்தால் நான் அதை நம்பியதாகிவிடும். “இன்னும் ஒருக்கா நடந்து பாப்பம்,” என்று சொல்ல வாயெடுத்தேன்.

டக் டக், டக்.

மூங்கிலுக்குள் இருந்து. நான் தட்டின அதே மாதிரி.

காற்று இல்லை, மூங்கில் ஒன்றோடொன்று உரசவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தாரணியின் கை என் கைக்குள் நுழைந்தது. திரும்பவும் டக் டக், டக். இந்த முறை கொஞ்சம் மேலேயிருந்து வந்தது, என் தலைக்கும் மேலே, நெட்டையான ஒன்று உள்ளே எழும்பி நின்று தட்டுவதுபோல.

பிள்ளைகளே, அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. ஜக்கெற்றைக் கழற்றி எறிந்தேன், சட்டைப் பொத்தானைக் கழற்றக் குளிரில் விரல் வரவில்லை, தலைக்கு மேலால் இழுத்துக் கழற்றி, புரட்டி, தையல் வெளியே தெரியப் போட்டேன். தாரணியும் அயாவும் தங்கள் சுவெற்றரைப் புரட்டிப் போட்டார்கள். “மூண்டு பேரும் கையைப் பிடியுங்கோ, பின்னால பாக்கக் கூடாது, நடவுங்கோ,” என்றேன். எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. மூங்கிலுக்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான்.

ஒரு நாய் குரைத்தது. தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்தது. முள்மரத்தைத் தாண்டினால், என் கார். அவ்வளவு நேரமும் நாங்கள் கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருக்கிறோம்.

குட்மேய்ஸுக்கு வந்தபோது மினிகேப்பில் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தார்கள். லோர்னா தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் இரத்தமே இல்லை. திட்டத்தான் வாயெடுத்தாள். மகளின் சுவெற்றரைக் கண்டாள், பிறகு என் கழுத்தில் வெளியே தெரிந்த தையலைக் கண்டாள், மகளை மினிகேப்பில் ஏற்றினாள். காரில் ஏறின பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

“பிள்ளையார் வந்தாரா, குயா?”

“இல்லை. உன் மகள்தான் வந்தாள்,” என்றேன்.

“அப்படியென்றால் கதையைச் சரியாகச் சொல்,” என்றாள். அடுத்த நாள் அயா அனுப்பிய படத்தில் அவளும் தகப்பனும் ஒரே மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் உங்கள் முன்னால் வந்து, போன கதையில் ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டேன், சட்டையைப் புரட்டவேண்டும் என்று சொன்னது இதனால்தான். நீங்கள் சிரித்தீர்கள். பரவாயில்லை, சிரித்தாலும் நினைவில் வைத்திருங்கள். பிறகு ஒருநாள் அந்தக் காட்டைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவரிடம் மூங்கிலைப் பற்றிக் கேட்டேன். இந்தக் காட்டில் மூங்கிலே இல்லை என்றார். நானும் தேடினேன், காணவில்லை. அதைக்கூட என்னவோ என்று விட்டுவிடுவேன்.

ஆனால் அன்று லோர்னாவை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றிச் சரியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக்கு வந்து இருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, ஏன் சேட்டைப் புரட்டிப் போட்டிருக்கிறியள்?”

“இப்பதானே சரியாப் போட்டனான். பொக்கற் வெளியிலதானே கிடக்கு.”

“லேபிளும் வெளியிலதான் கிடக்கு.”

கழற்றிப் பார்த்தோம். பொக்கற் இருக்கிற அதே பக்கத்தில் கழுத்து லேபிள். தையலை உற்றுப் பார்த்தோம், பிரித்துத் தைத்த அடையாளம் இல்லை. அவள் எத்தனையோ தரம் தோய்த்து, அயன் பண்ணின சட்டை அது. பிள்ளைகளின் சுவெற்றர் இரண்டும் முன்பு இருந்த மாதிரியே இருக்கின்றன. கதையை மாற்றிச் சொன்னவன் நான் ஒருவன்தானே.

அந்தச் சட்டை அலுமாரியில் தொங்குகிறது. பொக்கற் வெளியே வரப் போட்டால் லேபிள் வெளியே நிற்கும், லேபிளை உள்ளே விட்டால் பொக்கற் உள்ளே போய்விடும். எந்தப் பக்கம் போட்டாலும் புரட்டிப் போட்ட சட்டைதான். போன கிழமை தாரணி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, வழி கிடைச்சாப் பிறகு சேட்டைத் திரும்ப நேராப் போடலாம் எண்டுதானே கதை?” என்றாள். நான் ஓம் என்றேன்.

“இது நேரா வருகுதில்லையே,” என்றாள்.