கான் மண்ணில் முளைத்தவை

“…அதனாலதான் சொல்றேன் தம்பி, பொறந்த பிள்ளைக்கெல்லாம் ஒரே மூஞ்சிதான். பல்லு மொளைக்கட்டும், அப்பறம் பேசுவோம் யாரு வீட்டுப் பிள்ளைன்னு.”

அக்கா இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் பங்களாவின் முன்பாத்தி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். காலை எட்டு மணி ஆகப்போகிறது. பாத்தி முழுக்க விரல் உயரத்துக்குப் பச்சை. அதில் கொஞ்சம் பூச்செடி, கொஞ்சம் களை. எது எவ்வளவு, எது எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பத்து மணிக்கு மேடம் வருகிறார்.

பல் முளைக்கும்வரை பொறுத்திருக்க அக்காவுக்கு நேரம் இல்லை. அது அவருக்கே தெரியும். இருந்தும் அப்படிச் சொன்னார். ஒரு விஷயம் கைமீறிப் போகும்போதுதான் அக்காவின் வாயில் நல்ல நல்ல பேச்செல்லாம் வரும்.

முன்பு தேயிலைத் தோட்டத்துத் தொரை குடியிருந்த பங்களா அது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போகிறார்கள். கொழும்பில் இருந்து ஒரு மேடம் அதை நடத்துகிறார். நான் அங்கே தோட்டக்காரன். அதற்கு முன்னால் அட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். செடி கொடி பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. வாடினால் தண்ணி, சாய்ந்தால் குச்சி, இவ்வளவுதான் என் படிப்பு. மற்றதெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டது.

அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. கீழ் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் இருப்பவர். முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்தவர். இடது முழங்கால் போய்விட்டது. சரிவில் ஏறினால் இரண்டு நிரைக்கு ஒருதரம் உட்கார வேண்டும். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவே பார்த்துப் பரிதாபப்பட்டு, “பங்களாவுல சமதரை, அங்க போய் இருங்க” என்று மேடத்திடம் பேசி அனுப்பினார். மேடம் ஒரே நிபந்தனைதான் வைத்தார். ஏப்ரல் சீசனுக்கு முன்பாத்தி பூத்திருக்க வேண்டும். பூத்தால் அக்காவுக்கு அங்கே நிரந்தர வேலை. இல்லையென்றால் விடியலில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கே திரும்பிப் போய், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் மேடம் விதைப் பாக்கெட் அனுப்பினார். ஆரஞ்சு நிறக் காஸ்மோஸ். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. பாத்தியில் மண் மெலிந்து கல்லாக இருந்ததால் என்ன செய்யலாம் என்று யோசித்தோம். அப்போது அக்கா சொன்னார்:

“கான் மண்ணு வந்தா கரிக்கட்டையும் துளிர்க்கும், தம்பி.”

மலையில் நிரைகளுக்குக் குறுக்கே வெட்டி வைத்திருக்கும் வாய்க்காலைத்தான் கான் என்போம். மழைக்கு மேட்டில் இருந்து அரித்து வரும் நல்ல மண்ணெல்லாம் அதில் தங்கும். கறுப்பாக, மெத்தென்று இருக்கும். கான் வெட்டுகிறவர்கள் அதை அள்ளித் தேயிலைத் தூரில்தான் போடுவார்கள். இங்கே அதைவிட உசந்த மண் கிடையாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கோ அந்த மண்ணைவிட அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. கரிக்கட்டையும் துளிர்க்கும்! அதைச் சொல்லிக்கொண்டே கூடை கூடையாகச் சுமந்து கொட்டினேன். மேலே விதையைக் குரக்கன் விதைக்கிற மாதிரி கைநிறைய அள்ளி வீசினேன். கோடு போட்டு விதைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

மழையோடு மண் மட்டுமா அரித்து வரும்? மலையில் உள்ள அத்தனை களையின் விதையும் அதே தண்ணியில்தான் வந்து கானில் படுத்திருக்கிறது. தேயிலைத் தூரில் போட்டால் கவலையில்லை. தேயிலையைத் தவிர முளைக்கிறதெல்லாம் அங்கே களைதான், கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கலாம். பூப்பாத்தியில் அப்படி முடியுமா? இதை இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக வருகிறது பாருங்கள். அன்றைக்கு என் மண்டையிலும் வெறும் கான் மண்தான்.

முளைத்தது. அடர்ந்து முளைத்தது. புளியாரையையும் புல்லையும் அக்கா ஒரே காலையில் எடுத்துவிட்டார். மிச்சம் நின்றதில்தான் வம்பு. மலையில் ஒரு களை உண்டு. காய் ஊசி ஊசியாக இருக்கும், நடந்து போனால் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஊசிச்செடி என்போம். அதற்கும் எதிரெதிரே இலை, காஸ்மோஸுக்கும் எதிரெதிரே இலை. அதற்கும் வெட்டு விழுந்த இலை, இதற்கும் அப்படியே. ஒன்றைப் பார்த்து இது பூ என்பேன். பக்கத்தில் குந்தினால் இதுவும் அதுதானே என்று தோன்றும். எழுந்து நின்றால் இரண்டுமே களையாகத் தெரியும்.

“முப்பது வருசம் பிடுங்கின களை, உங்களுக்குத் தெரியலையாக்கா?”

“எங்க தம்பி மொகத்தப் பாத்தேன்? கை பாட்டுக்குப் பிடுங்கும், வாய் பாட்டுக்குப் பேசும்.”

மூன்று செடியைப் பேர்த்து மூன்று பால் டின்னில் வைத்தேன். ஒன்றில் பூ, ஒன்றில் களை, ஒன்றில் தெரியல என்று எழுதி ஒட்டினேன். பத்து நாளில் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவில் வளர்ந்து நின்றன. பிறகு போனில் படம் எடுத்துப் பார்த்தேன். செடியின் பேரைச் சொல்லும் ஒன்று அதில் இருக்கிறது. காலையில் காஸ்மோஸ் என்றது. மத்தியானம் அதே செடியை எடுத்தேன், வேறு என்னவோ பேர் சொன்னது. அக்காவிடம் காட்டினேன்.

“அதுக்கும் பசி நேரம்” என்றார்.

கண்டாக்கு ஐயா ஒருநாள் அந்தப் பக்கம் வந்து, கைத்தடியால் பாத்தியைக் காட்டி, “மருந்து அடிச்சு விடுங்க, தெரியாததெல்லாம் செத்துரும்” என்றார். அவர் தலை மறைந்ததும் அக்கா, “தெரிஞ்சதும் கூடப் படுத்துக்கும்” என்றார். தொழிற்சாலை ஆசாரி, மானாப் புல்லை வெட்டிப் பரப்பினால் களை எழும்பாது என்றார். முளைப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய யோசனை. “மொளைச்சப்பறம் மூடுறது, கல்யாணம் முடிஞ்சப்பறம் பொண்ணு பாக்கப் போறது” என்று அதற்கும் ஒன்று சொன்னார் அக்கா. எல்லோரும் சொன்னது சரிதான். எது எங்களுக்குச் சரி என்றுதான் விளங்கவில்லை.

இப்படியே நாள் போய், மேடம் வருகிற காலையும் வந்துவிட்டது. பிள்ளைக்குப் பல் முளைக்கட்டும் என்று அக்கா சொல்லி முடிக்கவும் கீழ் வளைவில் வேன் ஏறும் சத்தம் கேட்டது. பத்து மணி என்றவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார்.

மேடம் இறங்கினார். செருப்பில் பனி ஈரம் படாமல் கல்லுக்குக் கல் மிதித்து வந்து பாத்தியைப் பார்த்தார். அவர் பேசுவது சிங்களம். எனக்குக் கடைச் சிங்களம் தெரியும். அக்காவுக்கு இரண்டு மூன்று பேச்சு தெரியும்.

“இதெல்லாம் பூவா?” என்று கேட்டார்.

“பூதான் மேடம், எல்லாம் பூதான்” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அக்காவைக் காப்பாற்றவா, கூடை கூடையாக மண் சுமந்த என்னைக் காப்பாற்றவா?

மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“தன்னே நே, நோனா” என்றார். தெரியாதுங்க, அம்மா.

எனக்குக் காது சுட்டது. மேடம் கோபப்படவில்லை. அதுதான் கலவரமாக இருந்தது. கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்துவிட்டு, “மத்தியானம்வரை இருக்கிறேன். அதற்குள் எது பூ, எது களை என்று பிரித்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டவுனில் இருந்து பூத்தொட்டி இறக்குகிறேன். தொட்டிக்குத் தண்ணி ஊற்ற ஒரு ஆள் போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன். “ஒரு ஆளு போதும்னுச்சு. அது விளங்கிச்சு” என்றார் அக்கா.

“ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? நான்தான் பூன்னு சொல்லிட்டேன்ல?”

“நீ சொன்னா? அடுத்த மாசம் பூக்குறப்ப அது சொல்லும்ல, நீ சொன்னது பொய்யின்னு.”

பாதியையாவது பிடுங்குவோம், இடது பக்கத்தைப் பிடுங்குவோம், இல்லை வலது பக்கத்தைப் பிடுங்குவோம் என்று நான் வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டதாகத் தெரியவில்லை. பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று வேறு எங்கேயோ இருந்து பேசுகிற மாதிரி பேசினார்.

“நான் பாவாட கட்டுன வயசுல ஒரு வருசம் அரிசியும் இல்ல, மாவும் இல்ல. எங்கம்மா மலையில இருந்து வரும்போது மடியில ஊசிச்செடிக் கொழுந்தக் கிள்ளிட்டு வருவாங்க. ரெண்டு கருவாட்டத் தட்டிப் போட்டு அவிச்சுத் தருவாங்க. அத வச்சுத்தான் அந்த வருசம் ஓடுச்சு. அதுக்கப்பறம் நான் அத வாயில வைக்கல.”

“அதுக்கு இப்ப என்னங்க்கா?”

அக்கா இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஈர மண்ணில் விரித்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நோகிற காலைப் பக்கவாட்டில் நீட்டி, மற்றக் காலில் மண்டியிட்டார். முதல் செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். துப்பினார். அந்தச் செடியைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். அடுத்ததைக் கிள்ளினார். மென்றார், இன்னும் மென்றார், விழுங்கினார். பிறகு கையை அடித்தூருக்குக் கொண்டுபோய், வேரோடு பிடுங்கிப் படங்கின் ஓரத்தில் வைத்துவிட்டு மூன்றாவது செடிக்குக் கையை நீட்டினார்.