தண்ணீர் கேட்கும் சிப்பாய்கள்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோ, உச்சி வெயிலில் ஓர் ஏரிக்கரை வளைவில் நிற்கிறது. ஓட்டுநர் பாட்டிலைத் திறந்து சாலையில் தண்ணீர் ஊற்றுகிறார்.

"இன்னா சார் பாக்குறீங்க? அந்தக் காலத்து மைசூர் சண்டைல வெடிமருந்து வண்டி எரிஞ்சி, வெந்துபோன சிப்பாய்ங்க. இன்னும் தண்ணி கேட்டுகினு கீறாங்க. ஊத்தாம பைக்ல போனவன் ஒருத்தன் போன வாரம் இங்கியே செத்தான்."

"அந்தச் சண்டை நடந்தது புள்ளலூர்லங்க. இங்கேயிருந்து ரொம்ப தூரம்," என்கிறேன்.

அவர் பாட்டிலை என்னிடம் நீட்டுகிறார். பின்னால் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி நெருங்கி வருகிறது. நானும் அவசரமாகச் சாலையில் ஊற்றிவிடுகிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஷிஃப்டுக்குப் போகும் இரண்டு பெண்கள் ஏறுகிறார்கள். ஓட்டுநர் என்னைக் காட்டுகிறார்.

"புக்கெல்லாம் படிச்ச சாரு. இவரு காதுலயே அந்தக் குரல் கேட்டுச்சாம்."

இல்லையென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.