பறவைகளுக்கு விட்ட கரை

சுவிட்சர்லாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரில், இந்த வசந்தத்திலும் ஏரிக்கரைப் பாதையைக் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். நாணலுக்குள் ஒரு சோடி முக்குளிப்பான் கூடு கட்டியிருக்கிறது. நாயோடு நடப்பவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் முணுமுணுக்காமல் சுற்றுவழியில் போகிறார்கள். எனக்கும் முணுமுணுக்க ஒன்றுமில்லை. உணவகத்தில் கோப்பை கழுவி முடிந்ததும் கமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுகிறவன் நான். குஞ்சுகள் தாயின் முதுகிலேறி, இறகுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும். தகப்பன் மீன் கொண்டுவந்து ஊட்டும். படம் எடுக்கும்போது சந்தோசமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அவற்றைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

ஒருநாள் பக்கத்து வீட்டு மார்த்தா "குரூட்சி" என்று வணக்கம் சொல்லியபடி ஏரிக்கரை வாங்குப் பலகையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் நாட்டிலும் நீர்ப்பறவைகள் உண்டா என்று கேட்டார். "உண்டு. சாப்பிட்டிருக்கிறோம்" என்றேன். பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

பகிடி இல்லை. என் சின்ன வயதில், சண்டைக்குப் பயந்து எங்கள் கடற்கரை ஊரான வங்காலையை விட்டு ஓடி, அடம்பன் பக்கம் ஒரு குளக்கட்டில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். கடலில் வலை போட்ட அப்பா, குளத்தில் கண்ணி வைக்கப் பழகியிருந்தார். பெரிய வெள்ளியன்று ஒரு நீர்க்கோழியோடு வந்து நின்றார்.

"பெரிய வெள்ளியில இறைச்சியோ? உங்களுக்கென்ன விசரே?" என்று அம்மா கத்தினார்.

"தண்ணிக்க திரியிறதெல்லாம் மீன் கணக்குத்தான். ஆண்டவருக்கு விளங்கும். நீர் உதைச் சமையும்."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறகு பிடுங்கினார். நானும் தங்கச்சி செல்வியும் எலும்பையும் விட்டுவைக்கவில்லை. சண்டை ஓய்ந்ததும் எங்கள் கடற்கரைக் காணிக்குப் போய் மீன்வாடி போடுவோம் என்று அப்பா அன்றும் சொன்னார். போகாமலே செத்தார்.

சண்டை ஓய்ந்துவிட்டது. செல்வியும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். காணிக்குள்தான் போக முடியவில்லை. அந்தக் கரையை இப்போது பறவைகளுக்கு விட்டிருக்கிறார்கள். முள்ளுக்கம்பி அடித்துப் பலகையும் நட்டாயிற்று. வலசை வரும் பறவைகளுக்கு மனிதர் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். செல்வி காணி உறுதிப் பத்திரத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறாள். மார்த்தாவிடம் சொன்னால் அருமையான திட்டம் என்பார். பறவைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவை ஒரு கந்தோரிலும் மனுக் கொடுக்கவில்லை, ஆனாலும் காணி கிடைத்துவிட்டது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து செல்வி தொலைபேசியில் அழைத்தாள். முக்குளிப்பான் குஞ்சுகளின் படங்களை அனுப்பியிருந்தேன்.

"நல்ல வடிவாயிருக்கு அண்ணா" என்றாள். பிறகு, "இஞ்சையும் வெளிநாட்டு ஆக்கள் இப்பிடிக் கமராவோட வருகினம். அவையளைக் கம்பிக்குள்ள கூட்டிக்கொண்டு போகினம். நீங்கள் இப்ப சுவிஸ் பாஸ்போட் தானே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அப்ப கமராவோட வாங்கோ. உங்களை உள்ளுக்கு விடுவினம். காணிக்குள்ள எங்கட கிணறு தூர்ந்துபோச்சோ எண்டு பாத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ. நான் கம்பிக்கு வெளியில நிக்கிறன்."