அடுப்படியில் ஒரு வயர்லெஸ் போன்

வந்த நாளிலிருந்தே அந்தப் பெட்டியை எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கச் சாதாரண மேசை போன் மாதிரிதான் இருக்கும். பின்னால் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு ஏரியல் முளைத்திருக்கும். கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தென்காசியில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஒரு பொருள் புதிதாக இருந்தால் போதும், அது உதவுமா உதவாதா என்ற கேள்வியெல்லாம் அவருக்குக் கிடையாது.

அப்போது நாங்கள் இலஞ்சியில் இருந்தோம். எங்கள் தெரு வரைக்கும் தொலைபேசிக் கம்பி வரவில்லை. விண்ணப்பம் கொடுத்து மூன்று வருடமாக அப்பா காத்திருந்தார். செல்போன் எல்லார் கையிலும் வராத காலம். அப்பாவுக்கு அதன் மேல் நம்பிக்கையும் இல்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, நான் எம்.சி.ஏ. படித்தபோது வாங்கியது. படித்து முடித்து ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தேழு. அந்த வயதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு நோயின் பெயரைப் போல அதைச் சுற்றிச் சுற்றிப் பேசுவார்கள்.

"கம்பியே வேண்டாம் அத்தான். காத்துலயே வருது. போனுக்குப் போனும் ஆச்சு, நெட்டுக்கு நெட்டும் ஆச்சு. இனிமே பிள்ளைக்கு வரன் பாக்க ஒருத்தன் வாசல்லயும் போயி நிக்க வேண்டாம்," என்றார் மாமா.

பெட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில் 'கனெக்ட்' என்று அழுத்தினால் பெட்டி எங்கோ ஒரு எண்ணைச் சுழற்றி இன்டர்நெட்டைப் பிடிக்கும். தென்காசி பிரவுசிங் சென்டரில் மோடம் கீச்சிட்டுக் கத்துவதைக் கேட்டுப் பழகியிருந்த மாமா, இது சத்தமே போடவில்லை என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உடனே இணைப்பு அறுந்தது. அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இன்டர்நெட்.

அதற்கு சிக்னல் என்று ஒன்று வேண்டும். முன்னறையில் வைத்தால் ஒரு கோடு காட்டும், சில நேரம் அதுவும் இருக்காது. மாமா பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். குளியலறைக்குள்ளேகூடப் போய்ப் பார்த்தார். கடைசியில் அடுப்படி ஜன்னலோரம், பருப்பு டப்பாக்கள் இருந்த அலமாரியில் மூன்று கோடு காட்டியது. கேபிளோ ஒரு முழம்தான். ஆகவே கம்ப்யூட்டரை அடுப்படிக்கு மாற்றினார்கள். பெட்டி அசையக் கூடாதாம், கம்ப்யூட்டர் அசையலாமாம். இதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டு மாமா இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

அன்றிலிருந்து அம்மா தாளிக்கும்போதெல்லாம் நான் கீ-போர்டின் மேல் துண்டைப் போட்டு மூட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்து உட்கார்ந்துவிடுவார். திருமணத் தகவல் பக்கத்தைத் திறப்பார். படங்கள் மேலிருந்து கீழாக, ஈர்க்குச்சி அகலத்துக்கு ஒவ்வொரு கோடாக இறங்கும். முதலில் முடி தெரியும். ஐந்து நிமிடத்தில் நெற்றி. அதற்குள் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பாள், அப்பாவும் வந்துவிடுவார்.

"நெத்தி நல்ல அகலம்," என்பார் மாமா.

"முடி ஏறிட்டுது, அதான் அகலமா இருக்கு," என்பாள் அம்மா.

மூக்குவரை வந்து இணைப்பு அறுந்துவிடும். மறுபடி முடியிலிருந்து ஆரம்பம். என் வாழ்க்கையை அரை மூக்கை வைத்து முடிவு செய்ய மூன்று பேர் ஒரு அடுப்படியில் கூடி நின்றார்கள். நானும் அங்கேயேதான் நின்றேன், வெங்காயம் உரித்துக்கொண்டு. அவர்களை எவ்வளவு இளக்காரமாக நினைத்தேனோ, அதில் பாதியாவது என்னைப் பற்றியும் நினைத்திருக்க வேண்டும். அந்த வயதில் அது தோன்றவில்லை.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. நெட்டில் இருக்கும்போது போன் வராது. கூப்பிடுகிறவருக்கு, தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு குரல் சொல்லும். இதனால் அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். "ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி அத்தான் முடியும்? அதுக்கும் ஒரு வாய்தான இருக்கு," என்று மாமா அதையும் நியாயப்படுத்தினார்.

ஆனி மாதம், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஒரு படம் முழுதாக இறங்கி, அதற்குரியவரே வீட்டுக்கு வந்துவிட்டார். பூர்வீகம் கடையம் பக்கம், சென்னையில் குடியேறிய குடும்பம். பையனுக்குச் சாப்ட்வேர் வேலை. என்னைப் பார்க்க வந்தார்களா, அருவி பார்க்க வந்த வழியில் என்னையும் பார்த்தார்களா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். காலையிலேயே ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். எல்லார் மேலும் எண்ணெய் வாசம். வேனின் ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகள் தொங்கின. மாப்பிள்ளையின் கண்கள் தண்ணீர் அடித்துச் சிவந்திருந்தன, தலைமுடி ஒட்டிக்கிடந்தது.

காபி கொடுத்து முடிந்ததும் அவர் கேட்டார். "சிஸ்டம் இருக்குன்னு சொன்னாங்களே, எங்க வச்சிருக்கீங்க?"

மாமா அவரைப் பெருமையோடு அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அவர் பின்னால் நான். என் பின்னால் வேனில் வந்தவர்களில் பாதிப் பேர்.

மாப்பிள்ளை ஏரியலைப் பார்த்துச் சிரித்தார். "வயர்லெஸ்ல டயலப்பா? இதெல்லாம் இன்னும் இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம் திரும்பி, "இதுதான் பிரவுசர். இங்க அட்ரஸ் அடிக்கணும். அடிச்சிட்டு என்டர்," என்றார்.

அந்த வாரம்தான் அதை எட்டாம் வகுப்புக்கு நடத்தி முடித்திருந்தேன். "அவ எம்.சி.ஏ.," என்று அப்பா முன்னறையிலிருந்து மெல்லச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

அவர் தன் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தார். அவர்கள் கட்டடத்தின் படம் அதில் இருக்கிறதாம், நாங்கள் பார்க்க வேண்டுமாம். பார்த்தோம். வானம் இறங்கியது. வானமே ஏழெட்டு நிமிடம். பிறகு மொட்டைமாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வரிசை கண்ணாடி. ஈரத்தலையோடு ஆறு பேரும் உலர்ந்த தலையோடு நாங்களும் ஒரு கட்டடத்துக்காக இருபது நிமிடம் அடுப்படியில் நின்றோம். "எங்க ப்ளோர் இன்னும் கீழ," என்றார் அவர். அது வரவேயில்லை. இணைப்பு போய்விட்டது.

எழுந்திருக்கும்போது அவர் என்னிடம் சொன்னது இது: "கல்யாணத்துக்கப்புறம் நீங்க வேலைக்கெல்லாம் போக வேண்டாம். வீட்ல நல்ல பிராட்பேண்ட் போட்டிருக்கேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பழைய அருவியில் குளித்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் லாட்ஜிலிருந்து போனில் முடிவு சொல்வதாக அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போனார். அப்பா எண்ணைத் துண்டுச்சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வேன் போனதும், "முடிஞ்ச மாதிரிதான்," என்றார் மாமா. அம்மா என் தலையைத் தடவினாள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா முருகன் கோயிலுக்குப் போய்விட்டாள். அப்பா ஐந்தரைக்கே சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார், போனில் பேசச் சட்டை வேண்டும் என்பதுபோல. நான் அடுப்படிக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். கேபிளைச் செருகினேன்.

"என்னளா செய்யுத?" என்று அப்பா கேட்டார்.

"பரீட்சைக்குக் கேள்வித்தாள் அடிக்கேன்ப்பா," என்றேன்.

கனெக்ட் அழுத்தினேன்.

எதையும் பார்க்கவில்லை. திரையின் மூலையில் சின்னதாக இரண்டு கம்ப்யூட்டர் படங்கள் மாறி மாறி மினுங்கின. அவை நின்றுவிடாமல் இருக்க அவ்வப்போது ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து மூடினேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. இப்போது அறுந்துவிடும், போன் அடித்துவிடும் என்று காத்திருந்தேன். அறுந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். மூன்று மணி நேரம் ஒரு முறைகூட அறுபடவில்லை. இடையில் அம்மா வந்து தோசை ஊற்றினாள். "இன்னும் போன் வரலையா?" என்று கேட்டாள். "வரலை," என்றேன். அது பொய் இல்லை.

எட்டரை மணிக்கு அப்பா சட்டையைக் கழற்றினார்.

மறுநாள் காலையில், நடுவில் நின்று பேசிய தூரத்து உறவுக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார். "பத்துத் தடவை அடிச்சாவளாம். போனை வேணும்னே அணச்சு வச்சிட்டியன்னு அவுகளுக்கு ஒரே வருத்தம். பிடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? அவுக கடையத்துல இன்னொரு இடம் பாக்கப் போயிட்டாவ."

அவர் போன கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். முடிவு கேட்க வந்தவர், கையில் மல்லிகைப்பூ வேறு. அப்பா அதுவரை அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"இதத் தூக்கிட்டுப் போ. உன் பவுசுக்கு என் மகளோட வாழ்க்கைதான் கெடச்சுதா? இனி இங்கன வராத."

"அத்தான், சாரல் நேரம். சிக்னல் அப்படி இப்படித்தான்…"

"வராதன்னு சொன்னேன்."

மாமா பூவை அம்மாவிடம் கொடுத்தார். பெட்டியைத் துண்டில் சுற்றினார். கேபிளை மறந்துவிட்டுப் போனார். அம்மா அழுதாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். வாயைத் திறந்தால் இரண்டு சொல்லில் முடிகிற விஷயம். திறக்கவில்லை. அந்த மனிதரை ஒரு வருடமாக மனசுக்குள் ஏளனம் செய்துகொண்டிருந்தவள் நான். அந்தக் காலையில் எங்கள் வீட்டில் ஏளனத்துக்குரிய ஆள் ஒருவர்தான் இருந்தார், அது அவரில்லை.

தீபாவளிக்கும் மாமா வரவில்லை. அம்மா மட்டும் ஒரு நாள் தென்காசிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் பஸ் ஏறினேன்.

கடையில் மாமா ஒரு அம்மாளுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை.

"ஏட்டி, அந்தப் பையன் வேண்டாம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா மாமா?"

தட்டைத் தராசில் மாட்டினார். "கேட்டிருக்க மாட்டேன்," என்றார்.

பிறகு, "உங்க அப்பாட்ட நீயே சொல்லணும். நான் சொன்னா நல்லாருக்காது," என்றார். ஒரு பொட்டலம் முந்திரியைக் கட்டி என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்க்காமல் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்து மாமாவுடன் திரும்பி வந்தார். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா இரண்டு பேருக்கும் கேட்காமலேயே சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னோடு அப்பா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பையன்ட்ட என்னளா பிடிக்கல?"

சொன்னேன். வேலையைப் பற்றிச் சொன்னேன், நாற்காலியைப் பற்றியும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். "ம்," என்றார். ஆனால் அடுத்த ஜாதகம் வந்தபோது அதை அம்மாவிடம் கொடுக்காமல் என் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதை வேண்டாம் என்றேன். அடுத்ததையும் வேண்டாம் என்றேன். மூன்றாவதுக்குச் சரி என்றேன், கொஞ்சம் யோசித்த பிறகு.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இருபத்தெட்டு முடிந்திருந்தது. மண்டபத்தில் பந்திக்கு யார் முதலில் உட்காருவது என்று அப்பாவும் மாமாவும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க," என்றேன்.