குறட்டை நின்ற இடம்

என் வீட்டுக்காரரின் குறட்டை கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். ஆட்கள் ஏறி முடிப்பதற்குள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவாராம். "மாப்ள, கனவுல எந்தக் கரைக்குப் போய்ச் சேந்த?" என்று கூட ஓட்டுகிறவர்கள் கிண்டல் செய்வார்களாம். எனக்குத்தான் பயம். தண்ணீரில் போகும்போது தூங்கிவிட்டால்?

எட்டாவதோடு நின்றவள் நான். எதிர்வீட்டுக்காரருக்கு முகத்தில் மாட்டித் தூங்கும் மெஷின் கொடுத்திருந்தார்கள். நாமும் அதையே கேட்டு வாங்கிவிடலாம் என்று இவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். குறட்டையை போனில் பிடித்து வைத்திருந்தேன்.

டாக்டரம்மா அதைப் போட்டார். அறை முழுக்கக் குறட்டை. இவர் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு சத்தம் நின்றது.

"இங்கதான் டாக்டர் நல்லா தூங்குவாரு," என்றேன். "நானும் அப்பத்தான் கண்ண மூடுவேன்."

டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். போனில் ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம், முங்கிப்போனவர் தண்ணீருக்கு மேலே வந்து இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு.

"ஏம்மா, அது தூக்கமில்ல. அந்த நேரத்துல இவருக்கு மூச்சே ஓடல."

நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த அமைதிக்காகத்தானே காத்துக் கிடந்தேன். "அப்பாடா, நிறுத்திட்டாரு" என்று போர்வையை இழுத்துக்கொள்வேனே. அவர் மூச்சில்லாமல் கிடக்க, பக்கத்திலேயே நான் தூங்கியிருக்கிறேன்.

"எதிர்வீட்டுக்காரருக்குக் குடுத்த அந்த மெஷின எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்!"

"அது அவருக்கு. இவருக்கு என்னன்னு முதல்ல பாக்கலாம்."

விரலிலும் நெஞ்சிலும் மாட்டுகிற சின்னக் கருவியைக் கொடுத்து அனுப்பினார். மல்லாந்து படுத்தால் மட்டும்தான் இவருக்கு மூச்சு நிற்கிறது என்று அதில் தெரிந்தது. ஒருக்களித்தால் இல்லை.

"பனியன் முதுகுல ஒரு பந்த வச்சுத் தைச்சுடுங்க. மல்லாந்தா குத்தும், தானா திரும்பிடுவாரு. மறுபடி டெஸ்ட் எடுப்போம். சரியா வரலன்னா மெஷின்."

"இந்த வயசுல என்னைப் பந்து ஆட சொல்றாங்கடி," என்றார் இவர்.

தைத்துக் கொடுத்தேன். அடுத்த டெஸ்டில் மூச்சு நிற்கவில்லை. படகில் தூங்கி வழிவதும் போனது. குறட்டையும் போய், வீடே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் எனக்கு ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். சத்தமே இல்லை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

"இன்னாடி?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

"நீ வுட்டாதானே!"

கையை எடுத்துக்கொண்டேன். அவர் முதுகில் அந்தப் பந்து ஏறி இறங்குவது தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.