பனியில் காய்ந்த வத்தல்

என் மகள் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள். "அம்மா, உன்னப் பத்திப் போட்டிருக்கு!" என்றாள். கடலுக்கு அப்பால் ஏதோ உயரமான மலையில் வாழ்கிறவர்கள் உருளைக்கிழங்கை இரவெல்லாம் உறைபனியில் பரப்பி வைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து வருடக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவார்களாம். காலங்காலமாக அப்படித்தானாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காலால் மிதிப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மலைமேல் அருவங்காட்டு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நான் செய்ததுதான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீம்புதான் சொல்லித்தந்தது.

நான் ஈரோட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் காலையில் மொட்டை மாடியில் போட்ட வத்தல் மறுநாளே கலகலக்கும். அந்தத் தைரியத்தில், கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருடம் ஆனி மாதத்தில் உருளைக்கிழங்கு வத்தல் போட்டேன். ஒரு வாரம் முழுக்க மேகமும் சாரலும். வத்தலில் பச்சையாகப் பூசணம் பூத்தது. "இந்தக் குளுருல எதும் காயாது கண்ணு" என்று மாமியார் சிரித்தார். பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொல்லிச் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த தை மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். பெண் வீட்டார் மறுவீட்டு விருந்துக்கு மலையேறி எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. விருந்துக்கு வேண்டிய வத்தலை அவிநாசியில் இருக்கும் தன் தங்கையிடம் சொல்லிவிடலாம் என்றார் மாமியார்.

"நானே போடறனுங்க அத்தை" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

"போட்டுப் பாரு. காயலீன்னா இனி அடுப்படில நாஞ் சொல்றதுதான்."

அதுவரைக்கும் மட்டும் யார் சொன்னது நடந்ததாம்! ஆனாலும் விஷயம் புரிந்தது. இந்த வத்தல் காயாவிட்டால் அந்த வீட்டில் ஒரு ரசத்துக்குக்கூட நான் உப்புப் போட முடியாது.

கிழங்கைச் சீவி, உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, விறகுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் பழைய வேட்டியை விரித்துப் பரப்பினேன். பொழுது சாயும்போது உள்ளே எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து, கல்யாணப் புடவையைப் பார்க்க எங்கள் வரிசையில் இருந்த பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஜரிகையைப் பார்த்த கண்ணுக்கு வத்தல் நினைவே வரவில்லை.

காலையில் ஃபேக்டரி சங்கு ஊதும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் புல், வேலி, கூரை எல்லாம் வெள்ளைவெளேர். ஒரு வில்லையை எடுத்துத் தட்டினேன். கண்ணாடிச் சில்லு மாதிரி சத்தம் வந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

மாமியார் வந்து பார்த்தார். "போச்சு போ. எடுத்து மாட்டுக்குப் போட்டுரு" என்றார். திட்டியிருந்தால் அத்தனையையும் கொட்டியிருப்பேன். அவரோ 'ஐயோ பாவம்' என்பதுபோல் என்னைப் பார்த்தார். அதனாலேயே கொட்டவில்லை.

வெயில் ஏற ஏற வில்லைகள் துவண்டுபோயின. ஒன்றை எடுத்து அழுத்தினேன். ஈரப் பஞ்சைப் பிழிந்ததுபோலத் தண்ணீர் கொட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா காயவைத்தால் போகாத தண்ணீர், பனியில் உறைந்ததும் ஒரு அழுத்தலில் போய்விடுகிறதே! உட்கார்ந்து அத்தனையையும் துணிக்குள் வைத்துப் பிழிந்தேன். அன்று சாயங்காலம் வேண்டுமென்றே வெளியில் விட்டேன்.

"புத்தி கெட்டுப்போச்சா புள்ள உனக்கு?" என்றார் மாமியார்.

மூன்று இரவுப் பனி, மூன்று பகல் வெயில். நான்காம் நாள் முறத்தில் அள்ளினேன். எடையே இல்லை. பொரித்துப் பார்க்க எனக்கே பயமாக இருந்ததால் டின்னில் போட்டு மூடிவிட்டேன்.

விருந்தன்று மாமியார் எனக்குத் தெரியாமல் வரவழைத்த அவிநாசி வத்தலும் ஒரு பையில் தயாராக இருந்தது. கோபம் தலைக்கேறியது. எண்ணெய் காய்ந்ததும் என் டின்னிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டேன். பொசுபொசுவென்று வெள்ளையாகப் பொங்கி வாணலியே நிறைந்துவிட்டது. மாமியார் ஒன்றை எடுத்துக் கடித்தார். வாயில் போட்டதும் கரைந்திருக்க வேண்டும், இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். பிறகு அவிநாசிப் பையைப் பரண்மேல் ஏற்றினார்.

பந்தியில் பெண்ணின் அம்மா கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, இந்த வத்தல் எந்தக் கடையிலீங்க வாங்குனீங்க?"

"கடையிலீங்களா? என்ற மருமக போட்டதுங்க."

"இந்தக் குளுருலயா காஞ்சுது?"

"குளுருலதானுங்க காயும்" என்றார் மாமியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "வெயில்ல காயறதெல்லாம் ஒரு வத்தலுங்களா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, இன்னுங் கொஞ்சம் பொரிச்சுக் கொண்டா. அப்படியே ரசத்துக்கு உப்பு நீயே பாத்துப் போட்டுரு."

அன்றைக்கு ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். யாரும் வாய் திறக்கவில்லை.